பிரேக் ஆயில் குறையுதா? எங்கே கசியுதுன்னு கண்டுபிடிக்கிற வழி

பிரேக் ஆயில் செலவாகிற பொருள் இல்லை. பெட்ரோல் எரியும், இன்ஜின் ஆயில்கூடக் கொஞ்சம் எரியும், பேட்டரித் தண்ணீர் ஆவியாகும். பிரேக் ஆயில் மூடிய பைப்புக்குள் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கிற ஒன்று, அவ்வளவுதான். அதனால் பானெட்டைத் திறந்து பார்க்கும்போது பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்தால், "கொஞ்சம் ஊத்திட்டா சரியாப் போயிடும்" என்று யார் சொன்னாலும் உடனே ஊற்றிவிடாதீர்கள். ஊற்றினால் அளவு ஏறும், கோளாறு அப்படியே இருக்கும். கூடவே எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்கிற முதல் துப்பும் போய்விடும்.

இந்தக் குறிப்பு நம் ஊரில் அதிகம் ஓடுகிற சின்ன கார்களை மனதில் வைத்து எழுதியது. ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ மாதிரி முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மற்ற கார்களுக்கும் முக்கால்வாசி இதுவே பொருந்தும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பெடல் வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போனாலோ, சிவப்பு பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலோ, காரை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கிற வேலையே வேண்டாம். நின்ற இடத்தில் வைத்துப் பாருங்கள், முடியாவிட்டால் ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை வரச் சொல்லுங்கள். "மெக்கானிக் கடை பக்கத்துத் தெருதான், மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்கிற தைரியம் இந்த ஒரு விஷயத்தில் வேண்டாம்.

டப்பாவில் இருந்து தொடங்குங்கள்

காரைச் சமதளத்தில் நிறுத்திவிட்டு, டப்பாவைத் துடைத்து, இப்போது ஆயில் நிற்கிற மட்டத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் இருக்கிற மேக்ஸ் (MAX), மின் (MIN) கோடுகளுக்கு நடுவில் நின்று, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கியிருந்தால் அது கசிவாக இல்லாமலும் இருக்கலாம். பிரேக் பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கோடு அழுத்துகிற கேலிப்பருக்குள் இருக்கிற பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே வந்து நிற்கும், அதன் பின்னால் உண்டாகிற காலி இடத்துக்கு டப்பாவில் இருந்து ஆயில் இறங்கும். ஆயில் எங்கும் போகவில்லை, கேலிப்பருக்குள்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் மேக்ஸ் வரைக்கும் நிரப்பி வைத்தால், பிறகு புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே வழிந்து கீழே பெயின்ட்டை எல்லாம் உரித்துவிடும். ஆகவே பேட் கனத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது, ஆயிலும் அதற்கு ஏற்ற மாதிரி இறங்கியிருக்கிறது என்றால் கவலை இல்லை. பேட் புதுசாக இருந்தும் குறைகிறது, அல்லது டேப் ஒட்டிய ஒரு வாரத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்டது என்றால், கசிவு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டாஷ்போர்டில் ஹேண்ட் பிரேக்குக்கு எரிகிற அதே விளக்குதான் பெரும்பாலும் ஆயில் குறைந்தாலும் எரியும். டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது, அது இறங்கினால் சுவிட்ச் சேர்ந்துவிடும். அளவு விளிம்பில் இருக்கும்போது திருப்பத்திலும் பிரேக் அடிக்கும்போதும் மட்டும் ஆயில் ஒரு பக்கம் சாய்ந்து, விளக்கு மினுக்கிவிட்டு அணைந்துவிடும். பல பேர் இதை "வயரிங் லூஸ்" என்று விட்டுவிடுகிறார்கள். அது லூஸ் இல்லை, டப்பா உங்களைக் கூப்பிடுகிறது.

இன்னொரு ஆளையும் மறக்கக் கூடாது. ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற கிளட்ச் இருக்கிற பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான். கிளட்ச் பக்கம் கசிந்தாலும் பிரேக் ஆயில்தான் குறையும், நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. கிளட்ச் பெடல் தொளதொள என்றிருக்கிறதா, கியர் விழ மறுக்கிறதா என்று முதலிலேயே கவனித்துவிடுங்கள். கேபிள் கிளட்ச் என்றால் இந்தப் பேச்சே இல்லை.

பெடல் என்ன சொல்கிறது

இது காசு செலவில்லாத சோதனை, சொல்கிற விஷயமோ நிறைய. இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நான்கைந்து முறை அமுக்குங்கள். மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டரில் மிச்சமிருக்கிற வேக்கம் (உறிஞ்சு விசை) தீர்ந்து பெடல் கெட்டியாகும். இப்போது காலை எடுக்காமல் ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். பெடல் கல் மாதிரி நின்றால் நல்லது. காலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அழுத்தம் எங்கேயோ தப்பித்துப் போகிறது. ஒன்று வெளியே கசிகிறது, இல்லை பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் தேய்ந்து ஆயில் ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கத்துக்கு நழுவுகிறது. இந்த இரண்டையும் பிரிப்பது சுலபம். பெடல் இறங்குகிறது, ஆனால் எத்தனை நாள் ஆனாலும் டேப் ஒட்டிய மட்டம் மாறவில்லை, எங்கும் ஈரமும் இல்லை என்றால் அது மாஸ்டர் சிலிண்டர் உள்கசிவு.

இந்தச் சோதனையை இரண்டு விதமாகச் செய்யுங்கள். ஒரு முறை பலமாக மிதித்து, ஒரு முறை சிக்னலில் நிற்கும்போது வைத்திருப்பது போல லேசாக. தேய்ந்த மாஸ்டர் சிலிண்டர் பலமாக மிதித்தால் நன்றாகவே பிடிக்கும், ஏனென்றால் அழுத்தமே ரப்பரை விரித்துச் சுவரோடு ஒட்ட வைத்துவிடும். லேசாக மிதித்தால்தான் குட்டு வெளிப்படும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் பெடல் தரையை நோக்கிப் போகிறது, ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஓங்கி மிதித்துப் பார்த்தால் "நல்லாத்தானே இருக்கு" என்று வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அப்புறம், பெடலை மிதித்துக்கொண்டே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் உள்ளே இறங்கி நிற்க வேண்டும். இது பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், கோளாறு இல்லை. இதைக் கசிவு என்று நினைத்துப் பயந்துவிட வேண்டாம்.

முதல் மிதியில் ஆழமாகப் போகிறது, இரண்டு மூன்று முறை அடித்தால் மேலே வருகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். மேலே வந்த பிறகும் பஞ்சு போல அமுங்கினால் பைப்பில் காற்று. மேலே வந்ததும் கெட்டியாக நின்றால் பின் டிரம்மில் லைனிங் தேய்ந்து இடைவெளி அதிகமாகிவிட்டது, அட்ஜஸ்ட் செய்தால் போதும். காற்று என்றால் அடுத்த கேள்வி வருகிறது, அது எப்படி உள்ளே வந்தது? சமீபத்தில் பிரேக் வேலை எதுவும் செய்யவில்லை என்றால், ஆயில் வெளியேறிய வழியாகவோ டப்பா காலியான நேரத்திலோ வந்திருக்கும். கசிவைப் பார்க்காமல் காற்றை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினால் பத்து நாளில் அதே பஞ்சு திரும்பி வரும்.

மலையில் இறங்கும்போது பெடல் போனால் அது வேறு கதை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் ஆயில் கொதித்துவிடும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140 டிகிரிதான். டாட் 4-க்கு இதே கணக்கு 230-ம் 155-ம். கொதித்தால் பைப்பில் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆனால் டப்பாவில் மட்டம் குறைந்திருக்காது, வண்டி நன்றாக ஆறியதும் பெடல் திரும்பி வந்துவிடும். கசிவு அப்படித் தானாகத் திரும்பாது. ஆவி என்றால் மருந்து ஆயிலை முழுசாக மாற்றுவதும், கீழ் கியரில் இறங்கப் பழகுவதும்.

தரையில் கிடக்கிற ஈரம் எது

இரவில் காருக்கடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள், நான்கு சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் கீழே. காலையில் எந்த இடத்தில் சொட்டு இருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. முன்னால் இடது பக்கமோ நடுவிலோ வெறும் தண்ணீர் என்றால் அது ஏசி. பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு இருந்தால் கூலன்ட். இன்ஜின் ஆயில் கறுப்பு, விரலில் வழுவழுவென்று ஒட்டும். முன் சக்கரத்தின் உள்பக்கம் கெட்டியான கறுப்புப் பசை சுற்றித் தெறித்திருந்தால் அது ஆக்சில் பூட் என்கிற ரப்பர் உறை கிழிந்து வெளியே வந்த கிரீஸ். ஷாக் அப்சார்பர் ஆயிலும் சக்கரத்தின் உள்பக்கம்தான் ஒழுகும், ஆனால் ஈரம் மேலே ஷாக்கின் தண்டில் இருந்து தொடங்கும்.

பிரேக் ஆயில் புதுசில் நிறமே இல்லாத மாதிரி, லேசான மஞ்சள். பழசானால் காபி டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிடும், அப்போது பார்வையால் மட்டும் பிரிப்பது கஷ்டம். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு பழைய டம்ளரில் தண்ணீர் எடுத்து, சந்தேகப்படுகிற ஆயிலை ஒரு குச்சி நுனியில் தொட்டு அதில் விட்டுக் கலக்குங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஷாக் ஆயில் எல்லாம் கண் கண்ணாக மேலே மிதக்கும். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து காணாமல் போய்விடும், மேலே படலமே நிற்காது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றுக்கும் இது செல்லும். டாட் 5 மட்டும் சிலிக்கோன், கலக்காது. ஆனால் அது நம் சாதாரண கார்களில் வராது. கூலன்ட்டும் தண்ணீரில் கலக்கும் என்பதை மறக்காதீர்கள், அதை நிறம் காட்டிக்கொடுக்கும். சோதித்த டம்ளரைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டாம், இது விஷம்.

வாயில் வைத்துப் பார்க்கிற பழக்கம் சில பழைய ஆட்களிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். கார் பெயின்ட்டில் பட்டால் துடைக்காதீர்கள், துடைத்தால் பரவும். தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

சில கசிவு தரைக்கே வராது. டிரம்முக்குள் தேங்கும், பூஸ்டருக்குள் போகும், அழுக்கோடு சேர்ந்து உறைந்துவிடும். அட்டை காய்ந்தே இருக்கிறது, டப்பாவில் மட்டும் குறைகிறது என்றால் அடுத்த பகுதிகள் உங்களுக்குத்தான்.

பின் சக்கரம்

எதையும் கழற்றுவதற்கு முன்னால், பின் டயர்களின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். டிரம் பிரேக் காரில் ஆயில் குறைகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது பின் வீல் சிலிண்டரைத்தான். டயரின் உள்பக்கச் சுவரில் ஈரக் கோடு, ரிம்மின் உள்ளே பிரேக் தூசி காய்ந்து பறக்காமல் களிம்பாக அப்பியிருப்பது, பேக் பிளேட்டின் அடி விளிம்பில் பளபளப்பு, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் பொரிந்து உரிந்திருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் டிரம்மைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஹேண்ட் பிரேக் ஒரு பக்கம் பிடிக்கவே இல்லை, பிரேக் அடித்தால் பின்பக்கம் ஒரு சக்கரம் மட்டும் வெடுக்கென்று பூட்டிக்கொள்கிறது என்பதெல்லாம்கூட லைனிங் ஆயிலில் ஊறியதன் அடையாளமாக இருக்கலாம்.

கழற்றும்போது ஒழுங்கு முக்கியம். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், ஏனென்றால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால்தான் டிரம் வரும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உட்காராதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது, எடை ஏறினால் சொல்லாமல் உடையும். சில டிரம்களில் இரண்டு மரை ஓட்டை இருக்கும், சரியான போல்ட்டை இரண்டிலும் மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். டிரம்மோடு பேரிங்கும் சேர்ந்து நடுவில் பெரிய நட்டு போட்டிருக்கிற கார்களில், அந்த நட்டை இவ்வளவு பலத்தில்தான் இறுக்க வேண்டும் என்கிற டார்க் (torque) அளவு இருக்கிறது. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

டிரம் வந்ததும் ஏர் அடித்தோ வாயால் ஊதியோ தூசியைப் பறக்க விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். மேலே இரண்டு பிரேக் ஷூவுக்கும் நடுவில், கட்டைவிரல் கனத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும், அதுதான் வீல் சிலிண்டர். இரு முனையிலும் ரப்பர் தொப்பி. ஒரு சின்ன தட்டை ஸ்குரூ டிரைவரால் அந்தத் தொப்பியின் உதட்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே லேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். சொட்டாகத் திரண்டு வழிந்தால் சிலிண்டர் போய்விட்டது, அதற்கு மேல் விசாரணை தேவையில்லை.

இங்கே ஒரு வாக்குவாதம் எப்போதும் வரும். உள்ளே இருக்கிற ரப்பரை மட்டும் மாற்றுகிற கிட் போடலாமா, சிலிண்டரையே மாற்றலாமா? எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துக் கிட் மாட்டிக் கொடுப்பது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் வெகுகாலப் பழக்கம். என்னைக் கேட்டால் சிலிண்டரையே மாற்றிவிடுவேன். உள்சுவரில் துருப்புள்ளி விழுந்திருந்தால் புது ரப்பரையும் அது சீக்கிரமே அரித்துவிடும், அலுமினிய சிலிண்டர் என்றால் தேய்ப்பதே தப்பு. மிச்சமாகிற பணத்துக்கு இரண்டாவது முறை டிரம் கழற்றுகிற கூலி சரியாகிவிடும். ஆயிலில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மாட்டுவதும் அப்படித்தான், மேலே காய்ந்த மாதிரி தெரியும், சூடேறினால் உள்ளே குடித்ததைக் கக்கும். ஒரு பக்கம் ஊறியிருந்தாலும் இரண்டு பக்கத்து ஷூவையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஓம்னி, பொலேரோ மாதிரி பின் சக்கரம் இழுக்கிற வண்டிகளில் டிரம்முக்குள் இன்னொரு ஆயிலும் வரும். ஆக்சில் சீல் போனால் கியர் ஆயில் அதே இடத்தை நனைக்கும். அது கெட்டி, முகர்ந்தால் கந்தக வாடை. டம்ளர் சோதனை இதற்கும் விடை சொல்லிவிடும்.

முன் சக்கரமும் பைப்புகளும்

முன்பக்கம் ஸ்டியரிங்கை முழுசாக ஒரு பக்கம் திருப்பினால் கேலிப்பரும் ஹோஸும் கண்ணுக்கு எதிரே வந்துவிடும். பார்க்க வேண்டியது பிஸ்டனைச் சுற்றி இருக்கிற ரப்பர், ஹோஸ் வந்து சேருகிற போல்ட், காற்று எடுக்கிற நிப்பிள். கேலிப்பரில் ஹோஸ் சேருகிற போல்ட்டுக்கு மேலும் கீழும் செம்பு வாஷர் இருக்கும். அது ஒரு முறை நசுங்கினால் நசுங்கியதுதான், பழசையே போட்டு இறுக்கினால் கசியும். சமீபத்தில் கேலிப்பர் கழற்றின வேலை நடந்திருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான்.

ரப்பர் ஹோஸை வளைத்து வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், குறிப்பாக இரும்புக் குப்பி ரப்பரோடு சேருகிற இடத்தில். கூட ஒரு ஆளை உட்கார வைத்து "அமுக்குங்க... அப்படியே பிடிங்க" என்று சொல்லிவிட்டு ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். எங்காவது குமிழ் மாதிரி உப்பினால் உடனே மாற்றணும். வண்டி ரொம்ப நாள் நின்றிருந்தால் எலி கடித்த தடமும் பாருங்கள், எலிக்கு வயர் மட்டும்தான் பிடிக்கும் என்றில்லை.

இரும்புப் பைப்புகள் காருக்கடியில் நீளமாக ஓடும். அவை துருப்பிடிப்பது கிளிப் போட்டு இறுக்கின இடங்களில்தான், சேறும் ஈரமும் அங்கேதான் தங்கும். ஈசிஆர் ஓரம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் மாதிரி கடற்கரை ஊர்களில் ஓடுகிற வண்டிக்கும், வெள்ளத்தில் நின்று எழுந்த வண்டிக்கும் இதைக் கட்டாயம் பாருங்கள். மேலே செம்மண் நிறம் மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டாம். பொருக்கு பொருக்காக எழும்பி, விரல் பட்டால் உதிர்கிறது என்றால் அந்தப் பைப்பின் கனம் போய்விட்டது, இன்னும் கசியாவிட்டாலும் மாற்றுங்கள். எம்-சீல் வைத்து அடைத்த பிரேக் பைப்பையும் பார்த்திருக்கிறேன். டயரில் இருக்கிற காற்றழுத்தம் இரண்டு பார் (bar, அழுத்தத்தின் அலகு) சொச்சம். அவசரத்தில் ஓங்கி பிரேக் அடித்தால் இந்தப் பைப்புக்குள் நூறு பார் அளவுக்குப் போகலாம். எம்-சீல் தண்ணீர்த் தொட்டிக்கு.

எல்லாமே ஒரே ஈரமும் அழுக்குமாக இருந்து, எது ஊற்று, எது வழிந்து வந்தது என்று புரியவில்லையா? பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ விட்டுச் சுத்தமாகக் கழுவி, முழுசாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரை இணைப்புகளின் மேல் மெல்லிசாகத் தூவுங்கள். உதவிக்கு இருக்கிறவர் பெடலைப் பலமாகப் பிடித்திருக்கட்டும். வெள்ளைப் பவுடரில் முதலில் கறுக்கிற புள்ளிதான் கசிவின் ஊற்று. டிஸ்க், பேட் மேல் மட்டும் பவுடர் படக் கூடாது. இணைப்பில் கசிகிறது என்று தெரிந்தால் ஸ்பேனரைப் போட்டு முறுக்கித் தள்ளாதீர்கள், அளவுக்கு மேல் இறுக்கினால் பைப்பின் விரிந்த வாய் வெடித்துச் சின்ன கசிவு பெரிசாகும்.

மாஸ்டர் சிலிண்டர்: கண்ணுக்குத் தெரியாத கசிவு

சக்கரங்கள் நான்கும் காய்ந்திருக்கிறது, பைப்பும் காய்ந்திருக்கிறது, ஆனால் டேப் ஒட்டிய மட்டத்தில் இருந்து ஆயில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பலரும் குழம்புகிற இடம் இது. டப்பாவும் மாஸ்டர் சிலிண்டரும் சேருகிற ரப்பர் வளையங்களைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். அடுத்து மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேருகிற இடத்தின் அடிப்பக்கம். பூஸ்டர் என்பது அந்தப் பெரிய கறுப்பு வட்டத் தகரம், அதன் முகத்தில் மாஸ்டருக்கு நேர் கீழே மட்டும் பெயின்ட் உரிந்து கோடாக இறங்கியிருந்தால் பின் சீல் போய்விட்டது.

அதுவும் தெரியவில்லை என்றால், ஆயில் பூஸ்டருக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கலாம். பூஸ்டருக்குள் இன்ஜின் உறிஞ்சுகிற வேக்கம் இருக்கிறதே, பெட்ரோல் கார்களில் அது ஆயிலையும் சேர்த்து இன்ஜினுக்கே இழுத்துவிடும். சைலன்சரில் காரணமில்லாத வெள்ளைப் புகை, கூலன்ட் குறையவில்லை, பிரேக் ஆயில் குறைகிறது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் இதுதான் விஷயம். உறுதி செய்ய மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கிற இரண்டு நட்டுகளைக் கழற்றி, பைப் வளையாத அளவுக்கு மட்டும் முன்னால் நகர்த்தி, பின்முனையில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கணும், வேக்கம் தீரப் பெடலை அடித்திருக்கணும். ஈரம் இருந்தால் மாஸ்டரை மாற்றும்போது பூஸ்டருக்குள் தேங்கினதையும் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் கெட்டு அடுத்த செலவு அதற்கு வரும்.

டிரைவர் காலடியில், பெடலின் மேல் முனையில் இருந்து ஆயில் வழிந்து கார்பெட் நனைந்திருந்தால்? பூஸ்டர் உள்ள காரில் பிரேக் மாஸ்டரின் கசிவு பெரும்பாலும் பூஸ்டரைத் தாண்டி உள்ளே வராது. அப்போது கையைக் கிளட்ச் பெடல் பக்கம் நீட்டிப் பாருங்கள், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டராக இருக்கும். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தின் அடியில் சொட்டினால் கிளட்சின் கீழ் சிலிண்டர்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் யூனிட்டின் இணைப்புகளை வெளியே இருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைத் திறக்கிற வேலையும், சில கார்களில் அதன் காற்றை எடுக்கிற வேலையும் ஸ்கேனர் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்கு.

சரி செய்த பிறகு

எந்தப் பாகம் மாற்றினாலும் காற்று எடுத்தாக வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், மேனுவல் சொல்கிற வரிசையில் போங்கள். பெரும்பாலான முன்சக்கர இழுவைக் கார்களில் பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும், முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, மற்ற இரண்டும் ஒரு ஜோடி. ஒரு ஜோடி காலியானாலும் மற்றது பிடிக்கட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. "பிரேக் பிடிக்குது, ஆனா கொஞ்சம் கம்மியாப் பிடிக்குது" என்று சொல்லிக்கொண்டு பாதி பிரேக்கில் ஓட்டுகிறவர்கள் இந்த ஏற்பாட்டின் தயவில்தான் ஓட்டுகிறார்கள்.

ஆயில் மூடியில் எந்த டாட் எழுதியிருக்கிறதோ அதையே சீல் உடைக்காத புது டப்பாவில் வாங்குங்கள். அலமாரியில் போன வருஷம் திறந்து வைத்த மிச்சம் வேண்டாம், அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். அவசரத்துக்கு என்று இன்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் எதையாவது ஊற்றிவிட்டால் கதை முடிந்தது, மாஸ்டரில் இருந்து சக்கரம் வரை அத்தனை ரப்பரும் உப்பிப்போகும். யாராவது அப்படி ஊற்றியிருப்பார்களோ என்று சந்தேகம் வந்தால் டப்பா மூடியின் உள் ரப்பரைப் பாருங்கள், அது உப்பி நெளிந்து மூடியில் உட்கார மறுத்தால் ஊற்றியிருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கை வைத்த ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றுங்கள். பனியன் வேஸ்ட் இதற்கு ஆகாது, அதில் ஏற்கெனவே பத்து விதமான ஆயில் இருக்கும். ஒற்றியது காய்ந்தே வந்தால் சக்கரத்தை மாட்டி, கார் நகர்வதற்கு முன்னாலேயே பெடலை நான்கைந்து முறை அடித்து மேலே கொண்டுவாருங்கள். பேட், ஷூ, சிலிண்டர் எது மாற்றியிருந்தாலும் முதல் மிதி தரைக்குப் போகும். அது காம்பவுண்டு சுவருக்கு முன்னால் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. தெருவுக்குள்ளேயே மெதுவாக நான்கைந்து முறை நிறுத்திப் பாருங்கள். மட்டத்தில் புது டேப் ஒட்டி, அன்று ராத்திரி ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடி போட்ட பாட்டிலில் பிடித்து, கழிவு ஆயில் சேர்த்து அனுப்புகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.